கக்கூஸ் குழிக்கு மூன்று கையொப்பம்

தூய சங்கிலி அறக்கட்டளை ஒபோன்யோவுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி இருபத்து மூவாயிரத்து எழுநூறு ஷில்லிங். டிரம் ஒன்றுக்கு முந்நூறு வீதம் எழுபத்தொன்பது டிரம். எண்பதாவது டிரம் கழுத்துவரைதான் வந்தது. அதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

நைரோபியில் கிலிமானிப் பக்கம், மரம் அடர்ந்த சந்துக்குள் அறக்கட்டளையின் பங்களா. அந்த வேலைக்குக் கழிவு உறிஞ்சும் லாரிதான் வரவேண்டும். வந்தது, வாசலோடு நின்றது. கப்பல் சரக்கு ஏற்றுகிற இரும்புப் பெட்டி ஒன்றுக்குப் பச்சை வர்ணம் அடித்து, ‘புதுமைக் கூடம்’ என்று பெயர் எழுதி, வண்டிப் பாதையின் நடுவில் இறக்கி வைத்திருந்தார்கள். உள்ளே வெக்கை தாங்காது என்பதால் யாரும் அதில் உட்காருவதில்லை. நகர்த்தவும் முடியாது, திறந்து வைத்தவர் ஓர் அமைச்சர். லாரி திரும்பிப் போனது. அதன் பிறகுதான் கையால் அள்ளுகிற ஒபோன்யோவையும் அவன் கூட்டாளி கிலோன்சோவையும் கூப்பிட்டார்கள்.

இரண்டு பகல் வேலை. ஒபோன்யோ குழிக்குள், கிலோன்சோ மேலே கயிற்றோடு. மலம் எல்லா இடத்திலும் மலம்தான். அதில் அவனுக்குப் புகார் இல்லை. ஆனால் இந்தக் குழியில் கழுத்துப் பட்டையோடு மாநாட்டு அட்டைகள் பதினொன்று கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ‘சிறப்புப் பேச்சாளர்’ என்று அச்சடித்திருந்தது. இவற்றை எதற்குக் கக்கூஸில் போட்டார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. பிறகு அவர்கள் பேசுவதைக் கேட்க நேர்ந்தபோது ஓரளவு விளங்கியது.

வேலை முடிந்ததும் நிதி அலுவலர் வாங்கேச்சி பின்கட்டுக்கு வந்தாள். மூக்கில் கைக்குட்டை. குழிக்கும் தனக்கும் நடுவில் இருபதடி விட்டு நின்றாள்.

"ரொம்ப நல்ல வேலைப்பா. ஆனா இங்க நாங்க காசத் தொடறதில்ல. அது எங்க கொள்கை."

"மேடம், ரெண்டு நாளா நான் எதத் தொட்டேன்னு பாத்தீங்க. காசத் தொட எனக்குக் கூச்சமே இல்ல."

"உனக்குச் சாஃபியா வந்துரும்."

சாஃபி என்றால் அந்த ஊர்ப் பேச்சில் சுத்தம். அறக்கட்டளை தானே உண்டாக்கி, ‘சங்கிலி’ என்ற பொதுக் கணினிப் பேரேட்டில் ஓடவிட்ட காசுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஒரு சாஃபிக்கு ஒரு ஷில்லிங் என்று அவர்களே விலை சொன்னார்கள். அதை ஷில்லிங்காக மாற்றித் தரும் மேசை எப்போது திறக்கும் என்று கேட்டால், அடுத்த காலாண்டு என்றார்கள். அது எந்த வருடத்துக் காலாண்டு என்று சொல்லவில்லை.

சாஃபி வாங்கத் தொடுதிரை போன் வேண்டும். ஒபோன்யோவிடம் இருந்தது பொத்தான் போன். டிரம், சுண்ணாம்பு, கயிறு எல்லாம் அவன் பழைய சாமான் விற்கிற கெமுண்டோ அக்காவிடம் கடனுக்கு எடுத்திருந்தான். அது ஐயாயிரத்து ஐந்நூறு. இப்போது விரிசல் விட்ட பழைய போன் ஒன்றுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. ஆக ஒன்பதாயிரம். அடமானம் அவனுடைய கைவண்டி. முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குக் கெமுண்டோ அக்கா கதவைச் சாத்துவாள். அதற்குள் பணம் வராவிட்டால் வண்டி அவளுடையது. வண்டி இல்லாமல் குழி அள்ளுகிறவன், அள்ளியதைத் தலையில்தான் சுமக்கவேண்டும்.

"போன வாங்கிட்டியா? இனி நீ பெரிய மனுஷன்" என்றான் கிலோன்சோ. "என் பங்க எப்பக் குடுக்கப்போற, பெரிய மனுஷா?"

போனில் பணப்பை என்ற ஒன்றை இறக்கிக் கொடுத்தவள் ஜெலகாட். அறக்கட்டளையில் நிரல் எழுதுகிற ஒரே ஆள். மற்ற பதினாறு பேரும் அவள் எழுதுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள். பணப்பை பன்னிரண்டு சொற்களைக் காட்டியது. ஒபோன்யோ எழுத்துக் கற்றது முப்பத்தெட்டு வயதில், தேவாலயத்து மாலைப் பள்ளியில். ஒவ்வொரு சொல்லாக வாயில் சொல்லிச் சொல்லி நோட்டில் எழுதினான்.

"இத யாருக்கும் காட்டாதீங்க அண்ணே. பெத்த தாய்க்கும் காட்டாதீங்க. இது இருந்தா உங்க காசு அவங்க காசு."

சொல்லி வாய் மூடவில்லை. வாங்கேச்சி ஒரு பேரேட்டோடு வந்தாள். "அந்தப் பன்னெண்டு வார்த்தையையும் இதுல எழுதிக் கையெழுத்துப் போடுப்பா. பாதுகாப்புக்கு."

ஜெலகாட் பேரேட்டை வாங்கி அலமாரிமேல் வைத்தாள். அது அங்கேயே கிடந்தது.

"பணம் எப்படித்தாம்மா வரும்?" என்று அவன் அவளிடம் கேட்டான்.

"ஒபோன்யோவுக்கு இவ்வளவு குடுன்னு ஒரு சீட்டு எழுதணும். அத மெஷினுக்குப் புரியற மாதிரி எண்ணும் எழுத்துமா மாத்தணும். அப்புறம் பிழிஞ்சு ஒரே வரியாக்கி, அதுமேல சாவியால கையெழுத்துப் போடணும். ஒரு புள்ளி மாறினாக்கூட அந்தக் கையெழுத்து செல்லாது. போட்டு அனுப்பிட்டா, கடவுளே வந்தாலும் திருப்ப முடியாது. இத்தனையும் செய்ய ஜாவாஸ்கிரிப்டுல நான் எண்பத்து மூணு வரி எழுதியிருக்கேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மெஷினுக்கா? கண்ணச் சிமிட்டற நேரம்."

"மனுஷங்களுக்கு?"

அவள் கூட்ட அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "மண்டாசி சாப்பிட்டீங்களா?" என்றாள்.

கணினியில் செருகுகிற அந்தச் சாவி ஐந்து பேரிடம் இருந்தது. மூன்று சாவி சேர்ந்தால்தான் கையொப்பம். ஒன்று அறக்கட்டளைத் தலைவர் டாக்டர் முகம்பியிடம். ஒன்று வாங்கேச்சியிடம். ஒன்று ஓய்வுபெற்ற ஆயர் ஒருவரிடம். நான்காவது துபாயில் ஒருவரிடம். அவர் போனை எடுப்பதில்லை. ஐந்தாவது டாக்டரின் மைத்துனரிடம் இருந்து, கார்ச் சாவிக் கொத்தோடு தொலைந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கார்ச் சாவிக்கு மட்டும் மாற்றுச் சாவி செய்துகொண்டார்.

முதல் வாரம் ஒபோன்யோ போனபோது, அவன் சீட்டுக்கு வரிசை எண் கிடைத்துவிட்டது என்றார்கள். நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று போகாமல் நாற்பத்திரண்டு போகக்கூடாது. அது மெஷினின் சட்டம். நாற்பத்தொன்று வழியில் சிக்கி நின்றது. அனுப்பும் கட்டணத்தைக் குறைத்துப் போட்டதால் எந்த மெஷினும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கட்டணத்தைக் கூட்டி மறுபடி அனுப்ப ஜெலகாட்டுக்கு ஒரு நிமிடம் போதும். கூட்டலாமா என்று முடிவுசெய்ய வரவுசெலவுக் குழு கூடவேண்டும்.

"அந்த நாப்பத்தொண்ணு எதுக்கான காசும்மா?"

"கேக்குக்கு அண்ணே. கையொப்பக் கொள்கையில எல்லாரும் கையொப்பம் போட்டப்ப ஒரு விழா வச்சாங்க. சங்கிலி மாதிரி ஒரு கேக்கு."

"எப்போ?"

"பிப்ரவரியில."

ஒபோன்யோ கணக்குப் பார்த்தான். "அந்தக் கேக்க இவங்க தின்னு, செரிச்சு, அது குழிக்கும் வந்து, நானும் அள்ளிக் கொட்டியாச்சு. கேக்குக்காரனுக்கு இன்னும் காசு போகலையா?"

ஜெலகாட் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளுக்கே இரண்டு மாதச் சம்பளம் நாற்பத்தைந்தாம் எண்ணில் நின்றுகொண்டிருந்தது.

இரண்டாம் வாரம் கேக் போய்ச் சேர்ந்தது. இனி அவன் முறை. ஆனால் அதற்குள் நிரல் ஒழுங்குக் குழு கூடிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்த சோடாப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒபோன்யோவுக்கு எல்லாம் கேட்டது. ஜெலகாட்டின் எண்பத்து மூன்று வரியை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் மாட்டவேண்டும் என்பது டாக்டர் முகம்பியின் விருப்பம். சட்டத்தை முன்னாலேயே செய்து வாங்கிவிட்டார்கள். அதில் அறுபது வரிதான் கொள்ளும்.

"இருபத்து மூணு வரியக் கொறைக்கணும், அவ்வளவுதானே" என்றாள் வாங்கேச்சி. "ஒண்ணும் செய்யாத வரிகள எடுத்துட்டாப் போச்சு. இதோ பாருங்க, ‘தொகையை எண்ணாக மாற்று’ன்னு ஒரு வரி. இருபத்து மூவாயிரத்து எழுநூறு எண்ணு இல்லாம வேற என்னவாம்? சின்னப் புள்ளைக்கே தெரியும்."

"மேடம், பெட்டிக்குள்ள தட்டச்சு பண்ணுனா மெஷின் அத எழுத்தாத்தான் வாங்கிக்கும்" என்றாள் ஜெலகாட். "எண்ணா மாத்தாமக் கூட்டச் சொன்னா, கூட்டாது. ஒண்ணு பக்கத்துல ஒண்ண ஒட்டி வச்சிரும்."

"எதக் கூட்டணும்?"

"அவரு காசா எடுக்கறப்ப அறுபது ஷில்லிங் கட்டணம் ஆகும். ஏழைக்கு அந்தச் சுமை வேணாம், அதையும் சேர்த்துக் குடுன்னு நீங்கதானே மேடம் தீர்மானம் போட்டீங்க."

"கருணையில போட்ட தீர்மானம்மா அது. கருணைக்கு எதுக்கு நிரல்?"

டாக்டர் முகம்பி தொண்டையைச் செருமினார். "இங்க இன்னொரு வரி. ‘தொகை ஒரு லட்சத்துக்கு மேல் போனால் நிறுத்து.’ ஜெலகாட், நாம வெளிப்படைத்தன்மைக்காக நிக்கற நிறுவனம். நம்ம மேலயே நமக்குச் சந்தேகம்னு சட்டம் போட்டு மாட்டலாமா? கொடையாளர்கள் என்ன நினைப்பாங்க? எடுத்துரு."

"டாக்டர், எடுத்தா ஒரு நாள்..."

"நான் பொருளாதாரத்துல முனைவர் பட்டம் வாங்கினவன். கூட்டல் எனக்குத் தெரியும்."

இருபத்து மூன்று வரியும் போனது. மீதி அறுபதுக்கும் ஆளாளுக்கு மைப்பேனாவால் கீழே கையெழுத்துப் போட்டார்கள். ஆயர் ஜெபித்தார். கேக் வந்தது. அந்தக் கேக்குக்கு வரிசை எண் நாற்பத்தாறு.

மூன்றாம் வாரம் டாக்டர் அவனை உள்ளேயே கூப்பிட்டுவிட்டார். நாற்காலியில் உட்காரச் சொல்லி, அவன் உட்காரும் முன் அதன்மேல் செய்தித்தாள் விரிக்கச் சொன்னார்.

"ஒபோன்யோ, உனக்கு ஒரு நல்ல சேதி. முப்பதாம் தேதி நார்வேயிலேருந்து கொடையாளர்கள் வராங்க. உன் கூலியத்தான் மேடையில எல்லாரும் பாக்க கையொப்பம் போட்டு அனுப்பப்போறோம். வங்கிக் கணக்கில்லாத துப்புரவுத் தொழிலாளிக்குத் தூய சங்கிலி விடுதலை தந்ததுன்னு. நீ ஒரு சரித்திரம்யா."

"சரித்திரம் எத்தனை மணிக்கு டாக்டர்? அன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நான் ஒன்பதாயிரம் கட்டணும். இல்லாட்டி வண்டி போயிரும்."

"பத்து மணிக்கே ஆரம்பிச்சிருவோம். நீ வேலைக்குப் போட்ட அதே உடுப்புல வா. படத்துல உண்மையா தெரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா துவைச்சிட்டு வா."

முப்பதாம் தேதி ஒபோன்யோ துவைத்த கிழிசலோடு ஒன்பதரைக்கே போய் நின்றான். கிலோன்சோ வாசலுக்கு வெளியே. அவனை உள்ளே விடவில்லை, சரித்திரத்தில் ஒருவனுக்குத்தான் இடம். பத்து மணிக்குத் தொடங்கவேண்டியது பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. பெரிய திரையில் அறக்கட்டளையின் கருவூலக் கணக்கு நேரலையில் ஓடியது: இருபத்து நான்கு லட்சம் சாஃபி. உலகத்தில் யார் வேண்டுமானாலும், எந்த மூலையிலிருந்தும், எந்த நேரமும் இதைப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கைதட்டினார்கள்.

"நண்பர்களே! வங்கி பொய் சொல்லும். அரசாங்கம் பொய் சொல்லும். சங்கிலி பொய் சொல்லாது! ஒருதடவ கையொப்பம் விழுந்துட்டா, எந்த அமைச்சரும், எந்த நீதிபதியும், ஏன், நானே கண்ணீர் விட்டுக் கெஞ்சினாலும் அதத் திருப்ப முடியாது! இதோ இந்த எளிய மனிதன்..."

எளிய மனிதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பசித்தது. பக்கத்து மேசையில் தொத்திறைச்சி வறுத்து அடுக்கியிருந்தார்கள். அவன் கை நீண்டால் வாங்கேச்சியின் கண் நீண்டது.

பேச்சு நாலு பேருடையது. இரண்டே முக்காலுக்குச் சாவிகள் வந்தன, பட்டுத் தலையணைமேல். டாக்டர் தன் சாவியைக் கணினியில் செருகினார். தொகையைத் தானே தட்டச்சு செய்வேன் என்று ஜெலகாட்டை நகரச் சொன்னார். 23700 என்று ஒரு பெட்டியில். 60 என்று மறு பெட்டியில். வாங்கேச்சி தன் சாவியைச் செருகினாள். ஆயர் கணினிமேல் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுத் தன்னுடையதைச் செருகினார். மூன்று கையொப்பம். கண்ணைச் சிமிட்டுகிற நேரம்.

ஒபோன்யோவின் போன் அதிர்ந்தது. அவன் இலக்கம் இலக்கமாக விரல்வைத்துப் படித்தான். இரண்டு, மூன்று, ஏழு, சைபர், சைபர், ஆறு, சைபர்.

திரையிலும் அதே எண்தான். முதலில் கைதட்டல் எழுந்தது. பிறகு முன்வரிசையில் இருந்த மாரித் என்ற நார்வேக்கார அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"இருபத்து மூணு லட்சத்து எழுபதாயிரத்து அறுபதா? ஒரு கக்கூஸுக்கா?"

டாக்டர் முகம்பி திரையைப் பார்த்தார். இருபத்து நான்கு லட்சம் இருந்த இடத்தில் இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம் நின்றது. முனைவர் பட்டம் வாங்கினவர் என்பதால் கழித்தல் அவருக்கு உடனே புரிந்தது.

"அம்மா, இது... தொழிலாளியோட மாண்புக்கு நாங்க வைக்கிற விலை" என்றார். "மாண்புக்கு உச்சவரம்பு இல்லைன்னு எங்க குழு போன வாரமே தீர்மானிச்சிருச்சு."

"அப்ப உங்க குழிய மறுபடி எப்பக் காலி பண்ணுவீங்க?" என்றாள் மாரித். "நான் ஒரு வாளியோட வரேன்."

ஐந்து நிமிடத்தில் ஒபோன்யோ சமையல்கட்டில் இருந்தான். கதவைச் சாத்தினார்கள். டாக்டர், வாங்கேச்சி, ஆயர், மைத்துனர், ஓரமாக ஜெலகாட். எல்லார் முகத்திலும் குழிக்குள் எட்டிப் பார்த்தவர்களின் களை.

"எண்ணா மாத்தல. ஒட்டி வச்சிருச்சு" என்றாள் ஜெலகாட்.

"ஒபோன்யோ, தம்பி" என்றார் டாக்டர். ஒரே மாதத்தில் அவன் தம்பியாகிவிட்டான். "அதத் திருப்பி அனுப்பிரு. நீ கையொப்பம் போட்டாத்தான் முடியும். எங்க எல்லாருக்கும் சம்பளமே அதுலதான்யா இருக்கு."

"நீங்க அழுதாக்கூடத் திருப்ப முடியாதுன்னீங்களே டாக்டர்."

"அது கொள்கை. இது நெருக்கடி."

"போலீசக் கூப்பிடுவேன்" என்றாள் வாங்கேச்சி.

"கூப்பிடுங்க மேடம். மூணு கையெழுத்து யாரு போட்டதுன்னு கேப்பாங்க." அவன் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று பத்து. "எனக்கு உங்க இருபத்து மூணு லட்சம் வேணாம். இத வச்சு ஒரு தட்டு உகாலி வாங்க முடியாது. எழுபத்தொம்பது டிரம்முக்குக் காசக் குடுங்க. நோட்டா, கையில. திருப்பி அனுப்பிடறேன்."

"நாங்க காசத் தொடறதில்லைன்னு..." வாங்கேச்சி தொடங்கினாள்.

"உன் கைப்பையத் திற" என்றார் டாக்டர்.

டாக்டரின் பர்ஸிலிருந்து எட்டாயிரம் வந்தது. வாங்கேச்சியின் கைப்பையிலிருந்து ஆறாயிரத்து ஐந்நூறு. ஆயரின் காணிக்கை உறையிலிருந்து நாலாயிரம். இது ஆண்டவருடையது என்று அவர் சொன்னார், டாக்டர் அவர் விரல்களைப் பிரித்து எடுத்தார். மைத்துனர் காலுறைக்குள்ளிருந்து மூவாயிரம் எடுத்தார். மீதி இரண்டாயிரத்து இருநூறுக்கு, சாப்பாட்டுக்காரனிடம் ஐஸ் வாங்கக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கினார்கள். குழு கூடவில்லை. வரிசை எண் இல்லை. நாலு நிமிடம்.

ஒபோன்யோ எச்சில் தொட்டு இரண்டுமுறை எண்ணினான். நோட்டில் அத்தர் வாடையும் தொத்திறைச்சி எண்ணெய் வாடையும் சேர்ந்து வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறையும் எண்ணி, இடுப்பில் செருகினான்.

"வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடு" என்று வாங்கேச்சி கைத்துடைக்கும் காகிதம் ஒன்றை நீட்டினாள்.

அவன் எழுத்துக் கூட்டி எழுதி, கீழே பெயரைப் போட்டான். "என் ஒரு கையெழுத்து போதுமா மேடம்?"

"போதும், போதும்."

பிறகு போனை எடுத்தான். ஜெலகாட் சொன்ன இடத்தில் தொட்டான். திருப்பி அனுப்பு. போன் ஒரு கணம் யோசித்து, சிவப்பு எழுத்தில் ஏதோ சொன்னது.

"கட்டணம் பத்தல" என்றாள் ஜெலகாட். "அனுப்பற கட்டணத்துக்கு வேற காசு. அது இவரு பையில இல்ல. நாமதான் மொதல்ல அனுப்பி வைக்கணும்."

"அனுப்பு!" என்றார் டாக்டர்.

"மூணு கையொப்பம் வேணும் டாக்டர்."

எல்லாரும் ஆயரைத் தேடினார்கள். ஆண்டவரின் நாலாயிரம் போன கோபத்தில் அவர் தன் சாவியையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டிருந்தார். வெளியே டயர் சரளைக் கல்லை அரைக்கும் சத்தம் கேட்டது. துபாய்க்குப் போன் போட்டார்கள். அடித்துக்கொண்டே இருந்தது.

"தம்பி, நீ இங்கயே உக்காரு" என்றார் டாக்டர். "நாற்காலி போடச் சொல்றேன். செய்தித்தாள்கூட வேணாம்."

"நான் எங்க ஓடப்போறேன் டாக்டர்? மூணு பேரும் கையெழுத்துப் போட்டு அந்தக் கட்டணத்த அனுப்புங்க. வந்த நிமிஷமே திருப்பிடறேன். ஒபோன்யோ வாக்கு." கதவைத் திறந்தான். "எத்தனாவது எண்ணு போடுவீங்க?"

ஜெலகாட் கணினியைப் பார்த்தாள். "ஐம்பத்து மூணு அண்ணே. அதுக்கு முன்னாடி ரெண்டு கேக்கு இருக்கு."

வாசலில் கிலோன்சோ மட்டாட்டு மினிபஸ் ஒன்றை நிறுத்திப் பிடித்து வைத்திருந்தான். வழியெல்லாம் நெரிசல். கடைசி ஒரு மைலை இருவரும் இறங்கி ஓடியே கடந்தார்கள். ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது கெமுண்டோ அக்காவின் கொட்டடி. உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவன் ஒபோன்யோவின் வண்டிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அச்சு தேய்ந்திருக்கிறது, விலையைக் குறை என்று பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

"விலைக்கு இல்லய்யா, போ" என்றான் கிலோன்சோ மூச்சிரைக்க.

ஒபோன்யோ ஒன்பதாயிரத்தை எண்ணி வைத்தான். கெமுண்டோ அக்கா ஒரு நோட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"என்னடா இது, பொம்பள வாடை அடிக்குது? எங்கேருந்து எடுத்த?"

"அள்ளினேன்கா. எல்லாம் ஒரே குழிதான்."

பெஞ்சுமேல் உட்கார்ந்து ஒபோன்யோ மீதிப் பணத்தை இரண்டாகப் பிரித்தான். ஆளுக்கு ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது. இடையில் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. கிலோன்சோ தன் பங்கைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வண்டியின் நுகத்தைப் பிடித்தான். கெமுண்டோ அக்காவுக்கு எழுதத் தெரியாது. சுவரில் ஒபோன்யோவுக்காகக் கரியால் இழுத்திருந்த ஒன்பது கோடுகளைப் புறங்கையால் ஒரே தேய்ப்பாகத் தேய்த்தாள்.

"தீந்தது. வண்டிய எடுத்துட்டுப் போ, கதவச் சாத்தணும்."